எக்கோவில் "இரண்டு இதழ் வால்வு" என்று எழுதியிருந்தால்

திருகோணமலை உவர்மலையிலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார். தம்பிக்கு 31 வயது. கட்டார் வேலைக்கு மெடிக்கல் செய்யப் போன இடத்தில் நெஞ்சில் இரைச்சல் கேட்கிறது என்று "அன்ஃபிட்" போட்டுத் துண்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு எக்கோ, அதாவது இதயத்தின் ஸ்கான், எடுத்துப் பார்த்தால், பெருநாடி வால்வுக்கு மூன்று இதழ் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருக்கிறது, பிறவியிலேயே அப்படி என்று வந்திருக்கிறது. மெல்லிய கசிவு. இரத்தம் பாயும் வேகம் செக்கனுக்கு 2.4 மீற்றர். மேலெழும் பெருநாடி 4.2 சென்ரிமீற்றர். இதயம் பம்பும் சக்தி 62 வீதம். தம்பிக்கு ஒரு கரைச்சலும் தெரியவில்லை. கரைவலை இழுக்கிறவர், பின்னேரத்தில் பந்தடிக்கிறவர். அம்மா அழுதுகொண்டிருக்கிறார். சித்தி மாதாமாதம் ஊசி போட வேண்டும் என்கிறார். மச்சான் இந்தியாவுக்குக் கொண்டுபோய் உடனே ஒப்பரேஷன் செய்யச் சொல்கிறார். பேசி வைத்த கல்யாணம் வேறு நடுவில் நிற்கிறது.

இருதய கிளினிக்கில் பல வருடம் இருந்த வைத்தியன் நான், ஊரும் திருமலைதான். எனவே முடிவை முதலில் சொல்லிவிட்டுக் காரணத்துக்கு வருகிறேன். நீங்கள் எழுதிய இலக்கங்கள் சரியென்றால் இப்போது ஒப்பரேஷன் தேவையில்லை. மாத ஊசியும் தேவையில்லை. கல்யாணத்தை நிறுத்தத் தேவையில்லை. ஆனால் கிளினிக்கை விடக் கூடாது, வலை இழுப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும், அம்மாவுக்கும் உங்களுக்கும் ஒரு தடவை எக்கோ எடுக்க வேண்டும். இந்தக் கடைசி விடயத்தை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இடது இதயவறையிலிருந்து இரத்தம் உடம்புக்குப் புறப்படுகிற வாசலில் இருப்பதுதான் பெருநாடி வால்வு. மூன்று இதழ்கள், ஒவ்வொன்றும் பிறைநிலா வடிவம். இதயம் சுருங்கும்போது மூன்றும் சுவரோடு ஒட்டி வழிவிடும். விரியும்போது நடுவில் வந்து ஒன்றையொன்று தாங்கி மூடும். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் தடவை. உங்கள் தம்பியின் வயதுக்குக் கணக்குப் பார்த்தால் நூறு கோடியைத் தாண்டிவிட்டது. கருவில் முதல் இரண்டு மாதத்துக்குள் இந்த இதழ்கள் பிரிந்து உருவாகிவிடுகின்றன. சிலருக்கு இரண்டு இதழ் பிரியாமல் ஒட்டியபடியே நின்றுவிடும். ஒட்டிய இடத்தில் தையல் போட்டதுபோல ஒரு தழும்பு தெரியும். அதைத்தான் இரண்டு இதழ் வால்வு என்கிறோம்.

இது அபூர்வமான ஒன்று இல்லை. நூறு பேரில் ஒருவருக்கோ இரண்டு பேருக்கோ இருக்கிறது. பிறவி இதயக் குறைகளில் மிக அதிகமாகக் காணப்படுவது இதுதான், ஆண்களில் பெண்களைவிட இரண்டு மூன்று மடங்கு கூட. கோணேசர் தேரோட்டத்துக்கு வருகிற சனத்தை நினைத்துப் பாருங்கள். அந்தக் கூட்டத்தில் எத்தனையோ பேர் இப்படி ஒரு வால்வோடு வடம் பிடித்துக்கொண்டிருப்பார்கள், தெரியாமலே. ஏறத்தாழ 500 வருடத்துக்கு முன்பே லியனார்டோ டா வின்சி இப்படியொரு வால்வை வரைந்து வைத்திருக்கிறார். 1886 இல் வில்லியம் ஒஸ்லர் இது நோய்க்கு இடம் கொடுக்கிற வால்வு என்று விளக்கமாக எழுதினார்.

அம்மாவிடம் ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள். கிளினிக்கில் நான் பார்த்த அம்மாமார் பலர் மெதுவாக, மகன் வெளியே போன பிறகு கேட்பார்கள்: "வயித்தில இருக்கேக்க கிரகணத்தில வெளிய போனனான், அதாலயோ டொக்டர்?" இல்லை. அன்னாசி சாப்பிட்டதாலும் இல்லை, கப்பலில் வந்ததாலும் இல்லை. இது பெரும்பாலும் குடும்பத்தில் ஓடுகிற ஒன்று, யாரும் செய்த பிழையால் வருவதில்லை.

இனி சித்தியின் ஊசி. எங்கள் பக்கத்தில் "வால்வு வருத்தம்" என்றால் பழைய ஆட்களின் மனதில் வருவது வாதக்காய்ச்சல்தான். சின்ன வயதில் தொண்டை நோ வந்து, இரண்டு மூன்று கிழமை கழித்து மூட்டுக்கள் மாறி மாறி வீங்கி, கடைசியில் வால்வைத் தழும்பாக்குகிற வருத்தம் அது. அது பெரும்பாலும் தாக்குவது வேறொரு வால்வை, இடது பக்கத்து மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருப்பதை. அது திரும்பத் திரும்ப வராமல் தடுக்கத்தான் 3, 4 கிழமைக்கு ஒரு தடவை பெனிசிலின் ஊசி. ஊரில் எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றிய ஊசி, சித்தியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் தம்பியின் வால்வு பிறக்கும்போதே அப்படி. பெனிசிலின் போட்டு இதழ் பிரியாது. எக்கோ பார்த்தவர் இரண்டு வருத்தமும் சேர்ந்து இருக்கிறது என்று எழுதாதவரை ஊசியை மறந்துவிடலாம்.

அப்படியென்றால் பிரச்சினை எங்கே? இரண்டு இடத்தில்.

முதலாவது வால்வு. மூன்று பேர் தூக்க வேண்டிய பாரத்தை இரண்டு பேர் தூக்கினால் தோள் கெதியாகத் தேயும். இரண்டு இதழ் வால்வில் இரத்தம் நேராகப் போகாமல் சுழித்துக்கொண்டு போகும், இதழ்கள் இழுபடும், வருடக்கணக்கில் சுண்ணாம்பு படியும். மூன்று இதழ் உள்ளவர்களுக்கு எழுபது எண்பது வயதில் வருகிற ஒடுக்கம் இவர்களுக்கு ஐம்பது அறுபதிலேயே எட்டிப்பார்க்கும். சிலருக்கு ஒடுங்காமல், மூடும்போது இடைவெளி விட்டு இரத்தம் பின்னால் கசியும்.

வேகக் கணக்கு ஏன் போடுகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். கந்தளாய்க் குளத்துத் துருசை நினைத்துக்கொள்ளுங்கள். முழுக்கத் திறந்தால் தண்ணீர் அமைதியாகப் போகும். அரைவாசி இறக்கினால் அதே தண்ணீர் பீறிட்டுப் பாயும். வால்வு ஒடுங்க ஒடுங்க இரத்தத்தின் வேகம் கூடும், எக்கோ அதை அளக்கும். ஒடுக்கம் என்று வந்தால் 2 முதல் 2.9 வரை மெல்லியது, 3 முதல் 3.9 வரை நடுத்தரம், 4 மீற்றரைத் தொட்டால் கடுமை. வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி, வருவதை 4 ஆல் பெருக்கினால் வாசலின் இரண்டு பக்கத்துக்கும் உள்ள அழுத்த வித்தியாசம் கிடைக்கும். தம்பியின் 2.4 க்கு அது, பிரஷர் அளக்கிற அதே அலகில், 23. 4 மீற்றர் உள்ளவருக்கு 64. அந்த 64 ஐயும் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் மேலதிகமாகத் தள்ள வேண்டும்.

இரண்டாவது பிரச்சினையைப் பலர் கவனிப்பதில்லை: வால்வுக்கு மேலே இருக்கிற குழாய். இந்த வால்வோடு பிறந்தவர்களில் கணிசமான பேருக்குப் பெருநாடியின் தொடக்கப் பகுதி மெதுவாக அகலமாகும். பொதுவாக 4 சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டியது தம்பிக்கு 4.2. சின்ன வித்தியாசம்தான். 5.5 ஐத் தொட்டால் மாற்றச் சொல்வார்கள். குடும்பத்தில் யாருக்காவது பெருநாடி கிழிந்த வரலாறு இருந்தாலோ, வேகமாக விரிந்தாலோ, பிரஷர் அடங்காவிட்டாலோ 5 இலேயே யோசிப்பார்கள். எப்படியும் வால்வுக்காக நெஞ்சைத் திறக்கிறார்கள் என்றால் 4.5 இலேயே அதையும் சேர்த்துச் சரிசெய்துவிடுவார்கள்.

குழாய் கிழிந்துவிடுமோ என்ற பயம் வரும். அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் இந்த வால்வு உள்ள 416 பேரைச் சராசரியாக 16 வருடம் தொடர்ந்து பார்த்து 2011 இல் மேயோ கிளினிக் வைத்தியர்கள் எழுதினார்கள். பெருநாடி கிழிந்தது இரண்டே பேருக்கு. பத்தாயிரம் பேரை ஒரு வருடம் பார்த்தால் 3 பேர் என்ற அளவு. மற்றவர்களைவிட எட்டு மடங்கு என்றாலும் மிகச் சிறிய எண். அதே ஆய்வில் 25 வருடத்துக்குள் பாதிக்குச் சற்றுக் கூடுதலானவர்களுக்கு வால்வு சத்திரசிகிச்சை தேவைப்பட்டது. ஆனால் அவர்களின் ஆயுள் அந்த ஊரின் மற்றச் சனத்தின் ஆயுளோடு ஒத்துத்தான் போனது. நான் நோயாளிகளுக்கு விளக்கும்போது பிடித்துக்கொள்வது இந்த இரண்டு வரியையும்தான். பாதிப் பேருக்கு ஒரு நாள் ஒப்பரேஷன் வரும், ஆயுள் குறையவில்லை. ஒன்றை விட்டு மற்றதைச் சொன்னால் பொய்யாகிவிடும். கூடவே, அவர்கள் ஒழுங்காகப் பார்க்கப்பட்டவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

ஒழுங்காகப் பார்க்கப்படாமல் போனால் எப்படி இருக்கும் என்று ஒருவரைச் சொல்கிறேன். எனக்குப் பெரியப்பா முறை. துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். வெள்ளிக்கிழமை தவறாமல் கோணேஸ்வரம் போவார், நான் ஊரில் நின்றால் நானும் கூடப் போவேன். கோட்டை வாசலால் நுழைந்து ஏற்றத்தில் நடக்க வேண்டும். வழியில் மான்கள் நிற்கும். பெரியப்பா ஒரு வாழைப்பழத்தை மடியில் வைத்திருந்து, நின்று, உரித்து, தோலை ஒரு மானுக்கும் பழத்தை இன்னொன்றுக்கும் கொடுப்பார். எனக்கு அது அழகாகத்தான் தெரிந்தது. கொஞ்ச நாளில் இரண்டு இடத்தில் நின்று மான் பார்த்தார். பிறகு கடலை வாங்கிற சாட்டில் கடைக்கு முன்னால் இன்னொரு தரிப்பு. பிறகு கோவில் வாசல் வரைக்கும் ஓட்டோ. "ஏன் பெரியப்பா?" என்றால், "முழங்கால் நோகுது மோனை" என்பார். இளைப்பு என்ற சொல் அவர் வாயில் ஒரு நாளும் வரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ஓட்டோ கிடைக்கவில்லை. ஏற்றத்தில் பாதி வழியில் கண் இருண்டு விழுந்தார். எக்கோவில் வேகம் 4.6. ஒப்பரேஷன் செய்தவர்கள் எடுத்த வால்வில் இரண்டே இதழ், அதுவும் கடற்கரையில் கிடக்கிற முருகைக்கல் மாதிரி. அப்போது அவருக்கு 58 வயது. பிறந்ததிலிருந்து அது அவருக்குள்ளேயே இருந்திருக்கிறது. பக்கத்தில் நடந்துபோன எனக்கு, நாள் முழுக்க மற்றவர்களின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைக்கிற எனக்கு, மான் பார்க்கிறார் என்றுதான் தோன்றியது.

வால்வு ஒடுங்கும்போது உடம்பு நோவாகச் சொல்வதற்கு முன்னால் நடையைக் குறைத்துக்கொள்ளும். ஆளுக்கே தெரியாது. இளைப்பு, நடக்கும்போது நெஞ்சு நோ, வேலை செய்யும்போது தலைசுற்று அல்லது மயக்கம், இந்த மூன்றில் ஒன்று வெளிப்படையாகத் தெரிந்த பிறகு வால்வை மாற்றாவிட்டால் மிச்சம் இருப்பது சில வருடங்கள்தான் என்பதை 1968 இலேயே ரொஸ், பிரோன்வால்ட் என்ற இரண்டு வைத்தியர்கள் எழுதிவிட்டார்கள். அதனால் தம்பியிடம் "வருத்தம் இருக்கா?" என்று கேட்காதீர்கள், "இல்லை" என்றுதான் சொல்வார். போன வருடம் செய்த எதை இந்த வருடம் செய்யவில்லை என்று கேளுங்கள். அவர் சொல்ல மாட்டார் என்றால் கூடப் பந்தடிக்கிற பொடியன்களிடம் கேளுங்கள்.

எக்கோ எத்தனை நாளுக்கு ஒரு தடவை? வால்வை மட்டும் பார்த்தால் மெல்லிய ஒடுக்கத்துக்கு 3 முதல் 5 வருடத்துக்கு ஒரு தடவை போதும், நடுத்தரம் என்றால் 1, 2 வருடம், கடுமை என்றால் 6 மாதத்திலிருந்து ஒரு வருடம். தம்பிக்குப் பெருநாடியும் சற்று அகலம் என்பதால் இப்போதைக்கு வருடத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். எக்கோவில் பெருநாடியின் மேல் பகுதி சில வேளை வடிவாகத் தெரியாது. ஒரு தடவை சிற்றி ஸ்கான் எடுத்து அளவை உறுதிப்படுத்தச் சொன்னால் மறுக்காதீர்கள்.

இன்னொரு சின்ன வேலை, காசு செலவில்லை. அடுத்த கிளினிக்கில் பிரஷரை இரண்டு கையிலும், ஒரு காலிலும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இந்த வால்வு உள்ள சிலருக்குப் பெருநாடி நெஞ்சுக்குள் கீழே திரும்புகிற இடத்தில் ஒடுங்கி இருக்கும். கையில் பிரஷர் கூட, காலில் குறைவு. இளம் வயதில் பிரஷர் என்று வருகிறவர்களில் இதைத் தேடாமல் குளிசை மட்டும் கொடுத்து அனுப்பினால் ஒடுக்கம் அப்படியே இருக்கும்.

குளிசை பற்றியும் ஒன்று. சுண்ணாம்பு படிவதை நிறுத்துகிற மருந்து இதுவரை இல்லை. கொலஸ்ட்ரோல் குளிசை நிறுத்தும் என்று நம்பிப் பெரிய ஆய்வு செய்தார்கள், 2008 இல் முடிவு வந்தது, வால்வுக்குப் பலன் இல்லை. ஆகவே வால்வைக் கரைக்கிறோம், திறக்கிறோம் என்று யார் எதை விற்றாலும் வாங்க வேண்டாம். பிரஷரை அடக்குவதும் சிகரட்டை விடுவதும்தான் பெருநாடிக்குச் செய்யக்கூடிய உண்மையான உபகாரம்.

கரைவலைக்கு வருவோம். நடை, சைக்கிள், நீச்சல், பந்து எல்லாம் இந்த இலக்கங்களோடு செய்யலாம், செய்யவும் வேண்டும். எனக்குப் பயம் தம் பிடித்து இழுக்கிற வேலையில்தான். மூச்சை அடக்கிக்கொண்டு கயிற்றில் சாய்ந்து இழுக்கும்போது, அல்லது ஜிம்மில் அதே மாதிரி பாரம் தூக்கும்போது, அந்தச் சில செக்கனில் பிரஷர் எங்கோ ஏறிவிடும். விரிந்த பெருநாடிச் சுவருக்கு அது கூடாது. "ஏலேலோ" பாட்டுக்கும் ஒரு பயன் இருக்கிறது பாருங்கள்: பாடுகிறவனால் மூச்சை அடக்க முடியாது. இழுக்கும்போது கதைக்க முடிகிறதா? முடிந்தால் அளவோடு செய்யலாம். பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்க வேண்டிய நாளில் தம்பி வலையை மடிக்கிற பக்கமோ மீன் பிரிக்கிற பக்கமோ நிற்கட்டும். சம்மாட்டியிடம் நேரே சொல்லிவிடலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. 4.5 ஐத் தாண்டினால் அந்த வேலையை விட வேண்டும் என்றுதான் நான் சொல்வேன்.

பல். ஆட்கள் சிரிப்பார்கள், இதயத்துக்கும் பல்லுக்கும் என்ன என்று. சொத்தைப் பல்லிலிருந்தும் வீங்கிய பல்முரசிலிருந்தும் கிருமி இரத்தத்துக்குள் போய் இப்படியான வால்வில் குடியிருந்துவிடும். நாட்கணக்கில் விடாத காய்ச்சல், குளிர், உடம்பு மெலிவு. ஊரில் டெங்கா, எலிக்காய்ச்சலா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். எனவே தம்பிக்கு ஒரு கிழமைக்கு மேல் காய்ச்சல் விடாவிட்டால், அன்ரிபயோட்டிக் தொடங்குவதற்கு முன்னால் "எனக்கு இரண்டு இதழ் வால்வு, இரத்தத்தை வளர்ப்புச் சோதனைக்கு எடுங்கள்" என்று அவரே சொல்ல வேண்டும். ஒரு நாள் மருந்து போட்டபிறகு எடுத்தால் கிருமி பிடிபடாமல் போகலாம். பல் பிடுங்க முன்னால் அன்ரிபயோட்டிக் போடுகிற பழக்கம் பழையது. 2007 இல் அமெரிக்க இதய சங்கம் அதை மாற்றியது. செயற்கை வால்வு வைத்தவர்கள், முன்பு வால்வில் கிருமி வந்தவர்கள் போன்ற சிலருக்குத்தான் இப்போது தேவை. சொந்த வால்வோடு இருக்கிற தம்பிக்கு இரண்டு வேளை பல் துலக்குவதும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பல் வைத்தியரிடம் போவதும்தான் மருந்து.

குடும்பத்தைப் பற்றி முதலிலேயே சொன்னேன். இந்த வால்வு உள்ள ஒருவரின் பெற்றோர், சகோதரர், பிள்ளைகளைச் சோதித்தால் பத்துப் பேரில் ஒருவருக்கு இருக்கிறது. அதனால்தான் உங்களையும் அம்மாவையும் எடுக்கச் சொல்கிறேன். அப்பா இருந்தால் அவரையும். உங்களில் யாருக்காவது இருந்து, குழந்தை பெறுகிற வயது என்றால், கர்ப்பம் தரிக்க முன்னால் வைத்தியருடன் கதைக்க வேண்டும். மெல்லிய அளவில் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. கடுமையாக ஒடுங்கிய வால்வோடும் 5 சென்ரிமீற்றருக்கு மேல் விரிந்த பெருநாடியோடும் பிள்ளை சுமப்பது தாய்க்கு ஆபத்து.

கல்யாணம். செய்யலாம். ஆனால் பெண் வீட்டாரிடம் மறைக்க வேண்டாம். "இதயத்தில ஓட்டை" என்று யாரோ ஒருவர் வாயால் பிறகு கேள்விப்படுவதைவிட, ரிப்போர்ட்டைக் கையில் வைத்துத் தம்பியே சொல்வது நல்லது. ஓட்டை இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். பிள்ளை பிறந்தால் அதற்கும் ஒரு நாள் எக்கோ பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

மச்சானின் இந்தியப் பயணத்தை இப்போது விடுங்கள். ஒரு நாள் தேவைப்பட்டால் இங்கேயே கொழும்பு, கண்டி, காலி, யாழ்ப்பாணம் என்று அரசாங்க ஆஸ்பத்திரிகளில் நெஞ்சு திறந்து வால்வு மாற்றுகிறார்கள், அதற்குக் காசு இல்லை, காத்திருக்க வேண்டியிருக்கும். காத்திருக்க நேரம் இருக்கும்போதே பெயர் பதிவாக வேண்டும் என்பதற்காகத்தான் கிளினிக்கை விடாதீர்கள் என்கிறேன். கடைசி நேரத்தில் இளைத்துக்கொண்டு இரவு ரயிலில் ஏறுகிறவருக்கு வரிசை நீளமாகத்தான் தெரியும்.

எந்த வால்வு என்பது அப்போது வருகிற கேள்வி. உலோகமும் கார்பனும் கொண்ட இயந்திர வால்வு தேயாது, ஆனால் இரத்தம் உறையாமல் தடுக்கிற வோர்பரினைச் சாகும்வரை குடிக்க வேண்டும். விலங்கின் இழையத்தில் செய்த வால்வுக்கு வோர்பரின் நீண்டகாலம் வேண்டாம், ஆனால் 10, 15 வருடத்தில் பழுதாகலாம், இளம் வயதில் இன்னும் கெதியாக. பொதுவாக 50 க்குக் கீழே இயந்திரம், 65 க்கு மேலே இழையம், நடுவில் இருப்பவர்கள் வைத்தியரோடு இருந்து கதைத்து முடிவெடுப்பது. இழைய வால்வு சில மாட்டின் இதயவுறையில் செய்தவை, சில பன்றியின் வால்வு. எங்கள் ஊரில் சைவர்களும் முஸ்லிம்களும் இதைக் கேட்கத் தயங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். கேளுங்கள், அது நியாயமான கேள்வி. நெஞ்சைத் திறக்காமல் தொடை இரத்தக்குழாயால் கொண்டுபோய் வைக்கிற முறையை 2002 இல் பிரான்சில் அலன் கிரிபியே தொடக்கினார். அது முக்கியமாக வயதானவர்களுக்கு. தம்பி வயதுக்கு அதைக் கேட்டுக்கொண்டு போக வேண்டாம்.

பெரியப்பாவுக்கு இயந்திர வால்வு. இரவு அமைதியில் டிக் டிக் என்று கேட்கும். பேரன் முதலில் பயந்தான், பிறகு "அப்பப்பாவின்ர மணிக்கூடு" என்று நெஞ்சில் காது வைத்துப் படுக்கப் பழகிவிட்டான். வோர்பரினோடு அவர் பட்ட பாடுதான் பெரிது. யாரோ கீரை கூடாது என்று சொன்னதைக் கேட்டு முருங்கையிலை வறையையும் வல்லாரைச் சம்பலையும் அடியோடு விட்டார். இரத்தம் உறைய எவ்வளவு பிந்துகிறது என்று காட்டுகிற ஐ.என்.ஆர். ஏறியது. 2 க்கும் 3 க்கும் நடுவில் இருக்க வேண்டியது, முரசால் இரத்தம் வரும்வரை போனது. கீரையை விடத் தேவையில்லை. கிழமைக்கு இரண்டு நாள் சாப்பிட்டால் எப்போதும் இரண்டு நாள் சாப்பிடுங்கள், அளவு மாறாமல். நாரி நோ என்று பாமசியில் டைக்ளோபினக் வாங்கிப் போடுவது அதைவிட மோசம். பரசிற்றமோலோடு நிற்க வேண்டும். வோர்பரினுக்குப் பதிலாக இரத்தச் சோதனை வேண்டாத புதிய குளிசைகள் வந்திருக்கின்றன, ஆனால் இயந்திர வால்வு உள்ளவர்களுக்கு அவை பாதுகாப்பில்லை என்று ஆய்வுகளிலேயே தெரிந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து யாரும் அன்பாக அனுப்பினாலும் மாற்றக் கூடாது.

இதைப் படிக்கிற வேறு சிலருக்கு ஒரு சொல். சின்ன வயதில் நீலம் பாரித்து ஒப்பரேஷன் செய்தவர்கள், நுரையீரல் நாடி வால்வைப் பலூனால் விரித்தவர்கள், பதினெட்டு வயதில் பிள்ளைகள் கிளினிக்கிலிருந்து வெளியே வந்ததோடு நின்றுவிட்டீர்கள் என்றால் திரும்பப் போங்கள். அந்தத் திருத்திய வால்வு பலருக்கு வருடக்கணக்கில் கசிந்துகொண்டிருக்கும், இதயத்தின் வலது பக்கம் சத்தமில்லாமல் பெருக்கும். அதுவும் எக்கோவில்தான் தெரியும்.

அக்கா, இந்த முதல் ரிப்போர்ட்டை இன்றைக்கே ஃபோனில் படமெடுத்து உங்களிடமும் தம்பியிடமும் வைத்திருங்கள். கிளினிக் கொப்பி மழையில் நனையும், வீடு மாறும்போது தொலையும். அடுத்த வருடம் 4.3 என்று வந்தால் அது அளந்தவரின் கைவித்தியாசமாகவும் இருக்கலாம். ஒரு வருடத்தில் 3 மில்லிமீற்றருக்கு மேல் கூடினால் கதை வேறு. பழைய படம் பக்கத்தில் இருந்தால்தான் எக்கோ பார்க்கிறவர் அதே இடத்தில் அளந்து இரண்டையும் ஒப்பிடுவார். இல்லாவிட்டால் அவருக்குத் தம்பி அன்றைக்குத்தான் புதிதாக வந்தவர்.